சாயக்காரர் கொடுத்த சர்டிபிகேட்

எனக்கு வாய் அதிகம். அதை வைத்துத்தான் பிழைக்கிறேன் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆரணியில் பட்டுப்புடவை நெய்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். விற்கிறவர்கள் அதைவிட அதிகம். நான் தினமும் காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் ஒரு செல்போன் முன்னால் நின்று, "வணக்கம் சிஸ்டர்ஸ், டிபன் ஆச்சா?" என்று ஆரம்பித்து, ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசி, லைவில் புடவை விற்கிறவள். கேமரா பிடிப்பது என் கணவர். அவர் பேசவே மாட்டார். பேச இடம் கிடைக்காத மனுஷன் என்று என் தம்பி சொல்வான்.

புடவையைத் தோளில் போட்டுக் காட்டினால் டிசைன் தெரியும். கலர் தெரிய வேண்டுமென்றால் முழங்கைக்குக் கீழே, வெறும் கையின் மேல் போட்டுக் காட்ட வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். தோலுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அரக்கு அரக்காகவும் கத்திரிப்பூ கத்திரிப்பூவாகவும் தெரியும். நானும் வருஷக்கணக்காக இடது கையை நீட்டி, அதன் மேல் முந்தியை விரித்து, "இந்த அரக்கைப் பாருங்க சிஸ்டர், கண்ணுல ஒத்திக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி விற்றேன். கலர் சரியில்லை என்று ஒரு புடவை திரும்பி வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்த மாதிரி பார்சல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. வீடியோவில் பார்த்தது ஒரு கலர், வந்தது வேறு கலராம். கோயம்புத்தூர் சிஸ்டர் ஒருத்தர், "அக்கா, வீடியோல அரக்குன்னு நினைச்சு வாங்கினேன், வந்தது செங்கல் மாதிரி இருக்கே" என்று வாய்ஸ் மெசேஜே போட்டுவிட்டார். செங்கலாம்! எனக்கு வந்த கோபத்தில் போனை மாற்றினேன். லைட்டை மாற்றினேன். பின்னால் இருந்த சுவருக்கு வெள்ளையடிக்க வைத்தேன். என் கணவரையும் மாற்றிப் பார்த்திருப்பேன், வேறு ஆள் கிடைக்கவில்லை. பார்சல்கள் மட்டும் விடாமல் திரும்பி வந்துகொண்டே இருந்தன.

மிச்சம் இருந்த குற்றவாளி ஒருத்தர்தான், எங்கள் நூலுக்குச் சாயம் போடுகிறவர். அறுபது வயதைத் தாண்டியவர். ஆரணியில் கலர் விஷயத்தில் அவர் சொல்தான் கடைசிச் சொல். அதனால் வரும் கர்வம் எல்லாம் அவருக்கு உண்டு. நான் போன் செய்து, "இன்னாணா, உங்க அரக்கு போன வருஷத்து அரக்கு இல்லியே. சாயத்துல கைய வெச்சுட்டீங்களா?" என்று கேட்டேன். பட்டென்று லைன் கட்டானது. பதினைந்தாவது நிமிஷம் அவருடைய மொபெட் எங்கள் வாசலில் நின்றது.

கையில் ஒரு தகரப் பெட்டி. ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும் ஒரு கைப்பிடி நூலை எடுத்து, முடிச்சுப் போட்டு, சீட்டுக் கட்டி வைத்திருப்பார். பழைய அரக்கு, புது அரக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடி வெயிலுக்குப் போனார். மேட்சிங் என்றால் வெயிலில்தான் பார்ப்பார், டியூப் லைட்டில் பார்க்கிறவர்களை அவர் மனுஷராகவே மதிக்க மாட்டார். இரண்டு நூலையும் சேர்த்து முறுக்கிக் காட்டினார். எது பழையது, எது புதியது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

"இப்ப சொல்லுமா. யாரு கைய வெச்சாங்க?"

நூலை வாங்கி நானும் ஒரு தடவை முறுக்கிப் பார்த்தேன். அவர் விடவில்லை. "பழைய வீடியோ ஒண்ணு போடு" என்று என் கணவரிடம் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய லைவ். அதில் நான் கையை நீட்டிக்கொண்டு சிரிக்கிறேன். போனை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நூலு மாறலமா. நீதான் மாறிகினு வர்ற."

"வயசாச்சு, கறுத்துட்டேன்னு சொல்றீங்களா?"

"கறுப்பு எனக்குத் தெரியாதா? வெயில்ல கறுத்தா மேல மட்டும் இருக்கும். இது உள்ளேந்து வருது. வெங்கலத்து மேல சாம்பல் பூசின மாதிரி." என் மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். அவருடைய குரல் இறங்கியது. "தப்பா எடுத்துக்காத. உங்க அண்ணன் கை கடைசியில இந்தக் கலர்லதான் இருந்துச்சு."

அதுவரை சண்டைக்குத் தயாராக இருந்தவள் அப்படியே மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் அண்ணன் போய் அப்போது மூன்று வருஷம். அவனும் நெசவுதான். முதலில் சர்க்கரை என்றார்கள், அப்புறம் உடம்பு கறுத்தது, அப்புறம் வயிற்றில் நீர் கட்டியது. ஈரல் கெட்டுப்போச்சு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது, ரகசியமாகக் குடித்திருக்கிறான் என்று. அவன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. என் தம்பி, அண்ணன் காலைச் சுற்றியே வளர்ந்தவன், தறிக்குழிக்குள் இறங்கி பாட்டில் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கும் அவன் என்ன சொன்னான் தெரியுமா? அவ்வளவு நல்லா ஒளிச்சு வெச்சிருக்கான் என்றான். அன்றிலிருந்து அண்ணன் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. நான் மட்டும் யோக்கியமா? பார்க்கப் போகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூச்சை மோந்து பார்த்தவள்தான் நானும்.

சாயக்காரர் போன கையோடு எங்கள் ஊர் லேடி டாக்டரிடம் போனேன். என் கதையை ஆதியிலிருந்து சொன்னேன். அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், நான் நிறுத்தவில்லை. ரெண்டு வருஷமாகச் சோர்வு டாக்டர். லைவ் முடிந்தால் மாடிப்படி இறங்கத் தெம்பில்லை. விரல் கணு வலிக்கிறது. ரத்தம் கம்மி என்று நானே முடிவு செய்து, மெடிக்கலில் கேட்டு இரும்புச்சத்து டானிக் வாங்கிக் குடிக்கிறேன். தினம் பேரீச்சம்பழம், வாரம் நாலு நாள் முருங்கைக்கீரை. இவ்வளவு செய்தும் ரத்தம் ஏறவில்லையே டாக்டர், டானிக் போலியா?

அவர் என் கையை வாங்கி ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் கணுவையும் அழுத்தினார். ஆத்தாடி என்று கத்தினேன்.

"தறி நெய்வீங்களா?"

எங்கள் ஊரில் விரல் வலித்தால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். என் அண்ணனுக்கு வலித்தபோதும் தறி வலி என்றோம். தம்பிக்கு வலிக்கும்போதும் தறி வலி என்றோம். ஆனால் நான் தறியில் ஒரு நாள்கூட உட்கார்ந்தவள் இல்லையே! அதைச் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கர்ப்பப்பை எடுத்தாச்சா என்று கேட்டார். ஆமாம், முப்பத்தொன்பதில். வீட்டில் யாருக்காவது ஈரல் பிரச்சினை? அண்ணனுக்கு. குடிப்பாரா?

"சத்தியமா இல்லேன்னான்" என்றேன்.

ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிசல்ட். ரத்தம் கம்மியா? கம்மியாவது, மண்ணாவது! ரத்த அளவு கிண்ணென்று இருந்தது. ஃபெரிட்டின் என்று ஒன்று, உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்து கிடக்கிறது என்று காட்டுவதாம், அது இருக்க வேண்டியதைப் போல பல மடங்கு. டாக்டர் பேப்பரை என் பக்கம் திருப்பி, "அம்மா, முதல்ல அந்த டானிக்கைக் கொண்டு போய்க் கொட்டுங்க" என்றார்.

விஷயம் இதுதான். சாப்பாட்டிலிருந்து எவ்வளவு இரும்பை உள்ளே விட வேண்டும் என்று உடம்புக்குக் கணக்குத் தெரியும். சில குடும்பங்களில் அந்தக் கணக்கு பிறவியிலேயே தப்பாக இருக்கும். வேண்டாம் வேண்டாம் என்றாலும் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். வெளியே தள்ள உடம்பில் வழி கிடையாது. வருஷம் வருஷமாக ஈரலிலும் விரல் கணுவிலும் தோலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், சர்க்கரையைக் கொண்டுவரும், ஈரலை அரிக்கும். மாதா மாதம் போன ரத்தம் என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. அது நின்றதும் ஏற ஆரம்பித்துவிட்டது. ஆண்களுக்கு அந்த வசதியும் இல்லை. நான் போதாக்குறைக்கு இரண்டு வருஷமாக டானிக்கையும் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

"அப்ப எங்க அண்ணன்?"

"பார்க்காம சொல்லக் கூடாது. ஆனா நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா இதுவாத்தான் இருந்திருக்கும். கூடப் பிறந்தவங்க இன்னும் யாராவது இருக்காங்களா?"

தம்பி இருக்கிறான் என்றேன். அவரையும் கூட்டி வாங்க, அறிகுறி இருக்கோ இல்லையோ கூட்டி வாங்க, கூடப் பிறந்தவர்களில் நாலில் ஒருத்தருக்கு வர வாய்ப்புண்டு என்றார். நாங்கள் மூன்று பேர். இரண்டு பேரை அது பிடித்துவிட்டது.

வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஈரல் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஈரல் லேசாக இறுகியிருக்கிறது, ஆனால் தழும்பாகவில்லை, சரியாகிவிடும் என்றார். வைத்தியம் என்ன தெரியுமா? ரத்தத்தை எடுத்துக் கொட்டுவது! ஒரு பை ரத்தம் எடுத்தால் அதை ஈடுகட்ட உடம்பு சேர்த்து வைத்த இரும்பை எடுத்துத்தான் ஆக வேண்டுமாம். முதலில் வாரத்துக்கு ஒரு பை. அளவு இறங்கியதும் மூன்று நாலு மாதத்துக்கு ஒன்று. கத்தி இல்லை, வாழ்நாள் முழுக்க மாத்திரை இல்லை. "அவ்ளோதானா டாக்டர்?" என்று மூன்று தடவை கேட்டேன். அவ்வளவுதான் என்று மூன்று தடவையும் சொன்னார் புண்ணியவான். சாராயம் தொடக் கூடாது, இரும்பு மாத்திரையும் வைட்டமின் சி மாத்திரையும் கூடாது, கீரை சாப்பிடலாம். சாப்பாட்டோடு டீ குடித்தால் நல்லது, இரும்பு உள்ளே போவதைக் குறைக்கும் என்றார். டீயைக் குறை என்று சொல்கிற டாக்டர்களையே வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள் நான். எழுந்து அவர் காலில் விழப் போனேன், கணவர் பிடித்து உட்கார வைத்தார்.

முதல் பை எடுத்து முடித்து எழுந்தபோது தரை லேசாக ஆடியது. பயமே இல்லை, ஒரே சிரிப்பு. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரித்தேன். செத்துப்போகப் போகிறேன் என்று போனவளுக்கு டீ குடி என்று சொல்லி அனுப்பினால் வேறு என்ன செய்வாள்?

அந்த மயக்கம் மறுநாளும் தெளியவில்லை போல. லைவில் நின்றவள் மயில்கழுத்துப் புடவையைக் கையில் போட்டேன். "சிஸ்டர்ஸ், கலர் தப்பாத் தெரியுதுன்னு சொன்னீங்க இல்ல? புடவை மேல தப்பில்ல, சாயம் மேல தப்பில்ல, என் மேலதான் தப்பு. என் உடம்புல இரும்பு ஏறிப்போச்சு!" என்று தொடங்கி, விரல் வலி, டானிக், வேலூர், பை வரைக்கும் கொட்டிவிட்டேன். கேமராவுக்குப் பின்னால் என் கணவர் கழுத்தை அறுப்பது போல் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் சொல்றேன், ஆரணிக்காரங்க யாராவது பாத்துகினு இருந்தா நல்லாக் கேட்டுக்கோங்க. எங்க அண்ணன் குடிக்கல!" என்று கத்தினேன். அன்றைக்கு ஒரு புடவைகூட விற்கவில்லை. ஆனால் ஊர் முழுக்க அந்த வீடியோ சுற்றியது.

வீதியில் இறங்க முடியவில்லை. பக்கத்து வீட்டம்மா காந்தம் ஒட்டுமா என்று நிஜமாகவே ஃப்ரிட்ஜ் பொம்மையை எடுத்து வந்து என் கையில் வைத்துப் பார்த்தார். கீழே விழுந்ததில் அவருக்கு வருத்தம். எங்கள் சாயக்காரரோ ஒரே நாளில் கைராசி டாக்டர் ஆகிவிட்டார். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கையை நீட்ட, அவர் ஒவ்வொருவரையும் வெயிலுக்குக் கூட்டிப் போய் மேட்சிங் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி அன்று மாலை வந்தான். வாசலில் நின்றபடியே, "பழைய இரும்பெல்லாம் எடைக்குப் போட்டா பேரீச்சம்பழம் குடுப்பான்க்கா. நீ பேரீச்சம்பழத்தைத் தின்னு இரும்பு சேத்துகினு கீற" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் டெஸ்ட்டுக்கு வா என்றேன். அவன் முகம் கதவைச் சாத்தினது போல ஆகிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. கம்னு இரு."

"விரல் வலிக்குதுன்னு சொன்னியேடா."

"நான் தறி நெய்றவன். தறி வலி."

"அண்ணனுக்கும் அதைத்தானடா சொன்னோம்!"

"அண்ணன் கதைய எடுக்காத" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

எனக்குக் கூடப் பிறந்தது இரண்டே பேர். ஒருத்தனைக் குடிகாரன் என்று சொல்லிச் சொல்லியே அனுப்பியாயிற்று. மிச்சம் இருக்கிற ஒருத்தனும் கண்ணெதிரே வீம்பு பிடித்துச் சாகப் போகிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? மறுநாள் அண்ணியைப் பார்க்கப் போனேன், அண்ணன் பெண்டாட்டி. அண்ணனின் தறியில் இப்போது அவர்தான் நெய்கிறார். வேலூரில் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். ஓவென்று அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "சின்னவனுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். வரமாட்டேன் என்கிறான் என்றேன். "எப்படியாவது கூட்டிகினு போயிடு" என்றார்.

கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல் இருந்து பார்த்தேன் (அரை நாள்). நாலாவது நாள் அவனே சிரித்த முகத்தோடு வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"பாத்துக்கோ. சாயக்காரர் வெயில்ல வெச்சுப் பாத்துட்டாரு. என் கல்யாண போட்டோவ வெச்சு மேட்சிங் பாத்தாரு. கலர் அப்படியே கீதுன்னு சொல்லிட்டாரு. எனக்கு ஒண்ணும் இல்ல. இனிமே என்னைப் பேஜார் பண்ணாத."

எனக்கு எங்கிருந்து சிரிப்பு வந்தது, எங்கிருந்து ஆத்திரம் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வேலூர் டாக்டர் சொன்னால் கேட்க மாட்டான், சாயப்பட்டறையில் சர்டிபிகேட் வாங்கி வருவான்! உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இந்தக் கூத்து நடக்குமா? தோல் நிறம் மாறுவது கடைசியில் நடக்கிற சங்கதி, மாறுவதற்கு முன்னால் பிடித்தால்தான் ஈரல் தப்பும் என்று எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. லைவுக்குப் பாதி மேக்கப் போட்டிருந்தேன், ஒரு கண்ணுக்கு மட்டும் மை. அப்படியே கணவரின் ஸ்கூட்டரில் ஏறி நேராகச் சாயப்பட்டறைக்குப் போனேன்.

சாயக்காரர் யாரோ ஒருவரின் கையை வெயிலில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நீங்க பண்ண காரியத்துல எங்க தம்பி சாகப் போறான்" என்றேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். கலர் மாறவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை, கலர் மாறுவதற்கு முன்னால்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும், என் விஷயத்திலேயே கொஞ்சம் தாமதம்தான்.

அவர் நீட்டியிருந்த கையை அப்படியே விட்டார். முகம் சிவந்துபோயிற்று. "அடப்பாவி, அதுக்கா கேட்டான்? கலர் மாறிச்சான்னு கேட்டான், மாறலன்னு சொன்னேன். நான் நூலுக்கு மேட்சிங் பாக்கறவன்மா. ஈரலுக்கா பாப்பேன்?" சாயம் ஒட்டின கையைக் கழுவக்கூட இல்லை. மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

தம்பி தறியில் உட்கார்ந்திருந்தான். சாயக்காரர் உள்ளே நுழைந்ததும், "வண்டில ஏறு" என்றார்.

"எங்கண்ணா?"

"நான் குடுத்த சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கிகினு போக வந்தேன். ஜல்தி ஏறு. உன் விஷயத்துல என் பேரு கெட்டா அப்பால இந்த ஊர்ல எவன் என் கலரை நம்புவான்?"

எங்கள் யாருடைய பேச்சையும் கேட்காத தம்பி, அவர் பேச்சுக்கு எழுந்தான். சாயக்காரர் முறைத்துக்கொண்டால் நெசவாளிக்குப் பிழைப்பில்லை, அந்தப் பயம் அவனுக்கு ரத்தத்திலேயே உண்டு. மொபெட்டின் பின்னால் மடித்துக் கட்டிய கைலியோடு அவன் போக, பின்னால் ஒற்றைக் கண் மையோடு நான் போக, கடைவீதி மொத்தமும் எங்களைப் பார்த்தது. லேபில் ஊசியைப் பார்த்ததும் ஆறடி ஆள் மயங்கி விழுந்தான். அவனைத் தாங்கிப் பிடித்த சாயக்காரரின் ஐந்து விரலும் அவன் வெள்ளை பனியனில் மயில்கழுத்துக் கலரில் பதிந்தது. ரத்தம் எடுத்த பெண் பயந்துபோய், "சார், இவருக்கு முதுகுல ஏதோ நீலமா வந்திருக்கு" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் என்னையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

ரிசல்ட்டில் அவனுக்கும் ஏறியிருந்தது. என் அளவுக்கு இல்லை, ஆனால் ஏறியிருந்தது. பேப்பரை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டான். வேலூருக்கு மூன்று நாள் கழித்துப் போனோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டு போனேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "ஈரல் பூ மாதிரி இருக்கு. ஒரு கீறல் இல்லை. சர்க்கரையும் இல்லை. சரியான நேரத்துல வந்திருக்கீங்க. ரத்தம் எடுத்துகிட்டே வந்தா மத்தவங்க எத்தனை வயசு இருப்பாங்களோ அத்தனை வயசு நீங்களும் இருப்பீங்க." பிள்ளைகளையும் பார்த்துவிட வேண்டும் என்றார். பார்த்துவிடலாம், தெருவையே கூட்டி வருகிறேன் என்றேன். வெளியே வராந்தாவில் வந்து நான் குதித்தேன். நாற்பத்தேழு வயதில், எண்பது கிலோ எடையில், செருப்பு ஒரு பக்கம் பறக்கக் குதித்தேன். செக்யூரிட்டி வந்து, "அம்மா, இது ஆஸ்பத்திரி" என்றார். "தெரியும் சார், அதான் குதிக்கிறேன்" என்றேன்.

அன்றைக்கே முதல் பை. அவனைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள். ஊசி குத்தும்போது பார்க்காமல் இருக்க என் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டான். குத்தி முடித்து, குழாயில் ரத்தம் இறங்க ஆரம்பித்ததும் முந்தானையை எடுக்கப் போனேன். எடுக்க விடவில்லை. உள்ளே அவன் தோள் குலுங்கியது.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு வந்திருக்குன்னா அண்ணனுக்கும் இதுதானக்கா?" என்றான்.

"ஆமாண்டா."

"எனக்கு இல்லன்னு வந்துரணும்னு வேண்டிகினேன்க்கா. உசுருக்குப் பயந்து இல்ல. எனக்கும் இருந்துச்சுன்னா அவன் சொன்னது நிஜம்னு ஆயிடும் இல்ல." முந்தானையைக் கசக்கினான். "அண்ணிக்குப் போன் போடு."

போட்டேன். அவன் ஒரு கையில் ஊசி இருந்தது, இன்னொரு கை முந்தானையை விடவில்லை, நான்தான் ஸ்பீக்கரில் போட்டு அவன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். அண்ணி ஹலோ என்றார். மூன்று வருஷத்துக்கு மேலாக இவன் குரலை அவர் கேட்டதில்லை.

"அண்ணி, நான்தான். எனக்கும் அதே வியாதிதான் அண்ணி. அண்ணன் குடிக்கல."

அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது.

"எனக்குத் தெரியும்பா" என்றார் அண்ணி. "தம்பி நம்பிட்டானா, தம்பி நம்பிட்டானான்னு கடைசி நாள் வரைக்கும் அவருதான் கேட்டுகினே இருந்தாரு."

தம்பி வாய்விட்டு அழுதான். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடி வந்து, கையை ஆட்டாதீங்க, ஊசி நகர்ந்துடும் என்று அதட்டினாள். அது போனில் அண்ணிக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"கையை ஆட்டாதப்பா. ரத்தம் எடுக்கற எடத்துல அழக் கூடாது. எடுத்து முடிச்சதும் நேரா நம்ம வீட்டுக்கு வா, அங்க வந்து அழு. தோசை ஊத்தறேன்."

பை நிறைய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணி வீட்டுக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று நர்ஸிடமே கேட்டான்.